ஊரே ‘டீச்சர்’ என்று கூப்பிடுகிறது. நியமன ஆணை மட்டும் வரவில்லை

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் பேருந்தில் ஏறி, பாதி வழியில் இறங்கி, ஏரிக்கரையோடு அரை மணி நேரம் நடந்தால் அந்தக் காலனி வரும். "டீச்சர் வீடு எதுங்க?" என்று பெட்டிக்கடையில் கேட்டோம். கடையில் இருந்த பெரியவர் திருப்பிக் கேட்டார்: "எந்த டீச்சரைக் கேக்குறீங்க? அஞ்சு பேரு இருக்காங்களே."

அவர் சொன்னது சரிதான். நூற்றைம்பது வீடுகள்கூட இல்லாத அந்தக் காலனியில் ஐந்து பேர் ஆசிரியர் பயிற்சியோ பி.எட். படிப்போ முடித்திருக்கிறார்கள். ஐந்து பேரும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவர்கள். நான்கு பேர் டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவர்கள். ஆனால் அரசுப் பள்ளியில் நிரந்தர ஆசிரியராக இருப்பவர் ஒருவர்கூட இல்லை.

இவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பவர்களும் இல்லை. ஒருவர் தனியார் பள்ளியில் ஒன்பது ஆண்டு வேலை பார்த்தவர். ஒருவர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தொகுப்பூதியத்தில் கணக்கு நடத்துகிறார். ஒருவர் 2012 முதல் பகுதிநேர ஓவிய ஆசிரியர். ஒருவர் இப்போதும் தனியார் பள்ளியில் இருக்கிறார். ஒருவர் மட்டும் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

படித்து முடித்து, பதிவும் செய்து, நிரந்தர வேலை கிடைக்காத ஆசிரியர்கள் எங்கே போகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவே நாம் போனோம். வேலையை இழந்துவிடக் கூடாது என்பதால் பெயர் வேண்டாம் என்று ஐந்து பேருமே கேட்டுக்கொண்டார்கள்.

ஒரு டிரங்குப் பெட்டியில் கால் நூற்றாண்டு

முதலில் நாம் சந்தித்தவருக்கு வயது 44. காலனிப் பிள்ளைகளுக்கு அவர் "பெரிய டீச்சர்". 1999-ல் பிளஸ் டூ, 2001-ல் ஆசிரியர் பயிற்சி முடித்தார். அந்தக் காலனியில் ஆசிரியர் பயிற்சிக்குப் போன முதல் பெண் அவர்தான். அப்பா கரும்பு வெட்டும் ஆள். பயிற்சிக் கட்டணத்துக்காக இரண்டு மாடு விற்றார்கள்.

டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல், பட்டயச் சான்று, வேலைவாய்ப்பு அலுவலக அட்டை, டெட் சான்றிதழ். எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார். "மழையில கூரை ஒழுகினப்போ எங்க அம்மா அரிசியை விட்டுட்டு இந்தப் பெட்டியைத்தான் முதல்ல தூக்குனாங்க" என்று சிரித்தார்.

அவருடைய கதையில் அரசின் விதிகள் மாறிய கதையும் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டும்.

அவர் பதிவு செய்த காலத்தில் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பு என்பதுதான் பலருக்கும் நம்பிக்கை. முதலில் பதிந்தவருக்கு முதலில் அழைப்பு வரும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அட்டையைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் என்றாவது ஒருநாள் நம் முறை வரும் என்று காத்திருந்தார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான ஆசிரியர்களுக்குத் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் முதல் தகுதித் தேர்வு 2012 ஜூலையில் நடந்தது. ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதினார்கள். தேறியவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். நேரம் போதவில்லை என்று எல்லாப் பக்கமும் குரல் எழுந்ததும் தேர்வு நேரத்தைக் கூட்டி அதே ஆண்டு மறுதேர்வு வைத்தார்கள்.

நம் டீச்சர் 2013 ஆகஸ்டில் எழுதினார். 150-க்கு 84 மதிப்பெண். அப்போது தேர்ச்சிக்கு 90 வேண்டும். ஆறு மதிப்பெண்ணில் போயிற்று என்று அழுதுகொண்டிருந்தவருக்கு, 2014 பிப்ரவரியில் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீத மதிப்பெண் தளர்வு அறிவிப்பு வந்தது. 82 எடுத்தாலே தேர்ச்சி என்றானது. தேறிவிட்டார். காலனியில் சர்க்கரை கொடுத்தார்கள்.

ஆனால் வேலை வரவில்லை. காரணம், வெயிட்டேஜ்.

14 கேள்விகளின் தூரம்

2014-ல் வந்த அரசாணைப்படி இடைநிலை ஆசிரியர் தேர்வுக்கு மொத்தம் 100 மதிப்பெண். அதில் டெட் தேர்வுக்கு 60, ஆசிரியர் பயிற்சிக்கு 25, பிளஸ் டூவுக்கு 15. அதாவது 2014-ல் வேலை கேட்டு நிற்பவரிடம், 1999-ல் எடுத்த பிளஸ் டூ மதிப்பெண்ணையும் கணக்கில் சேர்த்தார்கள்.

டீச்சர் பிளஸ் டூவில் 1200-க்கு 640 எடுத்தவர். வெயிட்டேஜில் அதற்கு 8 மதிப்பெண் கிடைக்கும். நகரத்துப் பள்ளியில் படித்து 1080 எடுத்த ஒருவருக்கு 13.5 கிடைக்கும். இருவருக்கும் இடையே 5.5 மதிப்பெண் வித்தியாசம். இதை டெட் தேர்வில் ஈடுகட்ட வேண்டுமென்றால் அவரைவிட 14 கேள்விக்குக் கூடுதலாகச் சரியான விடை எழுதியிருக்க வேண்டும். தசமப் புள்ளியில் ஆட்களைப் பிரித்த அந்தப் பட்டியலில் 14 கேள்வி என்பது பெரிய பள்ளம்.

"நான் பன்னெண்டாவது படிக்கும்போது எங்க வீட்டுல கரண்டு கிடையாது சார். சீசன் நேரத்துல நானும் கரும்பு வெட்டப் போயிருக்கேன். அப்போ வாங்கின மார்க்கு பதினஞ்சு வருஷம் கழிச்சு வந்து என் கழுத்தைப் பிடிக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

முதல் தலைமுறையாகப் படித்தவர்களுக்கு, முன்பு இருந்த வசதிக் குறைவு ஒரு தடவையோடு தீர்ந்துவிடுவதில்லை. விதி மாறும்போதெல்லாம் புதிதாக வந்து நிற்கிறது. இந்த முறையை எதிர்த்துப் பல ஆண்டு போராட்டமும் வழக்கும் நடந்தன. பிறகு 2018-ல் இன்னொரு அரசாணை வந்தது. டெட் என்பது தகுதிக்கு மட்டும். வேலைக்குத் தனியாக இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்றது அது. ஏற்கெனவே தேறியவர்கள் மறுபடியும் முதலிலிருந்து படிக்க உட்கார்ந்தார்கள்.

இடைநிலை ஆசிரியர்களுக்கான அந்தப் போட்டித் தேர்வு 2024 ஜூலை 21-ல்தான் நடந்தது. முதலில் 1,768 இடம் என்று அறிவித்து, பிறகு 2,768 என்று உயர்த்தினார்கள். டெட் முடித்த பத்தாவது ஆண்டில், 43 வயதில், கல்லூரி முடித்து வந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து டீச்சரும் எழுதினார். பட்டியலில் பெயர் இல்லை.

பாடம் நடத்தும் நாலு வழிகள்

நிரந்தர வேலை கிடைக்காத ஆசிரியர்கள் போகும் வழிகள் இந்த ஒரு காலனியிலேயே தெரிகின்றன.

முதல் வழி தனியார் பள்ளி. பெரிய டீச்சரும் அங்கேதான் தொடங்கினார். தொடக்கச் சம்பளம் 2,500 ரூபாய், ஒன்பது ஆண்டு கழித்து வெளியே வரும்போது 7,000. மே மாதம் சம்பளம் கிடையாது. ஆனால் மே மாதம்தான் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை சேர்க்க வேண்டும். காலையில் வேனில் பிள்ளைகளை ஏற்றி வரும் பொறுப்பும் ஆசிரியர் தலையில்தான். சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். 2014-ல் தேறியவுடன் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தபோது, அந்த அசலைத் திரும்ப வாங்க மூன்று நாள் நிர்வாகியின் அறை வாசலில் நின்றிருக்கிறார்.

வேலைக்குச் சேரும் முன் நேர்காணலில் கேட்ட கேள்வியும் அவருக்கு மறக்கவில்லை. "பாடத்துல ஒரு கேள்விகூடக் கேக்கல. எந்த ஊருன்னாங்க. சொன்னேன். ஊருக்குள்ள எந்தத் தெருன்னாங்க." இன்றும் தனியார் பள்ளியில் இருக்கும் இன்னொரு டீச்சர் இதைக் கேட்டுத் தலையசைத்தார். இவரிடம் தெருவைக் கேட்கவில்லை. அப்பா பெயரையும் குலதெய்வத்தின் பெயரையும் கேட்டார்களாம்.

இரண்டாவது வழி, பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக நியமனம். 2022-ல் அரசுப் பள்ளிகளில் 13 ஆயிரத்துக்கும் அதிகமான காலியிடங்களை இப்படி நிரப்ப முடிவானது. முதலில் இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். பிறகு அது முறையே 12,000, 15,000, 18,000 ஆனது. காலனியைச் சேர்ந்த 31 வயது தம்பி, எம்.எஸ்சி., பி.எட். முடித்தவர், பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் இப்படித்தான் கணக்கு நடத்துகிறார். அப்பா செங்கல் சூளையில் வேலை செய்தவர்.

"பத்தாம் வகுப்புக்கு நான்தான் சார் கணக்கு. என்கூட அறிவியல் எடுக்குற சாருக்கு வேலையும் அதேதான், பேப்பர் திருத்துறதும் அதேதான். அவர் சம்பளத்துல என் சம்பளம் கால் பங்குகூட வராது. அதைவிடக் கஷ்டம், ஏப்ரல் முடிஞ்சதும் வர்ற பயம். ஜூன்ல மறுபடி கூப்பிடுவாங்களா, இல்ல மாறுதல்ல யாராவது வந்துடுவாங்களான்னு தெரியாது" என்றார் அவர்.

மூன்றாவது வழி, பகுதிநேரச் சிறப்பாசிரியர். 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி போன்ற பாடங்களுக்கு 16,549 பேர் நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். 2021-ல் 10,000 ஆகி, பிறகு 12,500 ஆனது. காலனியின் ஓவிய ஆசிரியர் மீதி நாட்களில் சுவர் விளம்பரம் எழுதப் போனார். பிளெக்ஸ் பேனர் வந்து அந்தப் பிழைப்பும் போனது. இப்போது கல்யாண மேடை அலங்காரத்துக்குப் போகிறார். "பணி நிரந்தரம் செய்யணும்னு எத்தனை தடவை சென்னைக்குப் போய் உக்காந்துட்டு வந்தோம்னு எங்களுக்கே கணக்கு இல்ல" என்கிறார்.

நான்காவது வழி, இல்லம் தேடிக் கல்வி. கரோனா காலத்தில் பிள்ளைகளுக்கு விட்டுப்போன பாடத்தைச் சரிசெய்ய 2021 அக்டோபரில் தொடங்கிய திட்டம். இதே மரக்காணம் ஒன்றியத்தில் முதலியார்குப்பத்தில்தான் முதல்வர் தொடங்கி வைத்தார். தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. பெரிய டீச்சர் அதிலும் சேர்ந்தார். இன்றும் மாலை ஐந்தரை மணிக்கு அந்தக் காலனியின் சமுதாயக் கூடத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது அவருக்கு யாரும் பணம் தருவதில்லை. நூறு நாள் வேலைக்குப் போய் வந்து, முகம் கழுவிக்கொண்டு பாடம் எடுக்கிறார்.

இந்த நாலு வழியிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. எத்தனை ஆண்டு பாடம் நடத்தினாலும், அடுத்த போட்டித் தேர்வில் நேற்றுப் படிப்பை முடித்து வந்தவரோடு ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

வழி மாறிப் போனவர்

ஐந்தாவது ஆள், தமிழ் இலக்கியமும் பி.எட்.டும் படித்தவர். ஆறு ஆண்டு தனியார் பள்ளியில் இருந்துவிட்டு, பத்தாம் வகுப்புத் தகுதிக்கான குரூப் 4 தேர்வு எழுதி இளநிலை உதவியாளர் ஆகிவிட்டார். காலனியில் அரசுச் சம்பளம் வாங்கும் ஒரே ‘டீச்சர்’ அவர்தான்; ஆனால் ஆசிரியராக அல்ல.

"வருத்தம் இல்லைன்னு சொன்னா பொய்யிண்ணே. ஆனா குரூப் 4 அப்பப்போ வந்துடுது. டிஆர்பி எப்போ வரும்னு காத்திருந்தா வயசுதான் போகும். எங்க தங்கச்சி கல்யாணம் நின்னுக்கிட்டு இருந்துச்சு" என்றார் அவர். எப்போதாவது அலுவலகத்தில் மனு எழுதத் தெரியாமல் நிற்பவர்களுக்கு எழுதிக் கொடுக்கும்போது, பிழையில்லாமல் எழுதுவது எப்படி என்றும் சொல்லிக் கொடுக்கிறாராம்.

இவர் செய்ததைத் தோல்வி என்று நாம் சொல்ல மாட்டோம். குடும்பத்தைக் கரையேற்றிய முடிவு அது. ஆனால் ஒரு தமிழாசிரியரை ஒரு பள்ளிக்கூடம் இழந்திருக்கிறது என்பதும் உண்மை.

பணியிடம் போனால் ஒதுக்கீடும் போகும்

இதில் தலித் பிரச்சினை எங்கே இருக்கிறது, எல்லாச் சாதியிலும்தானே வேலையில்லா ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் எளிய கணக்கில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 69 சதவீத இட ஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம். அதற்குள் 2009 சட்டப்படி அருந்ததியர்களுக்கு 3 சதவீதம். 100 நிரந்தர ஆசிரியர்களை அரசு தேர்ந்தெடுத்தால் 18 பேர் நம் பிள்ளைகளாக இருப்பார்கள். இனச்சுழற்சிப் பட்டியல் இருக்கிறது. நிரப்பப்படாத இடம் பின்னடைவுப் பணியிடமாக அடுத்த முறைக்கு வரும். தவறு நடந்தால் பட்டியலைக் காட்டி நீதிமன்றத்தில் கேட்கலாம்.

அதே 100 இடங்களை நூறு பள்ளிகளில், பள்ளிக்கு ஒன்றாகத் தொகுப்பூதியத்தில் நிரப்பினால் என்ன ஆகும்? ஒவ்வொரு பள்ளியிலும் இருப்பது ஒரே இடம். அந்த ஒன்றில் 18 சதவீதத்தை எப்படிப் பிரிப்பது? சுழற்சி எங்கே தொடங்கும்? யார் கேட்பது? தனியார் பள்ளியிலோ ஒதுக்கீடு என்ற பேச்சே இல்லை. அங்கே "எந்தத் தெரு" என்ற கேள்விதான் இருக்கிறது.

ஆக, இட ஒதுக்கீடு நிற்பது நிரந்தரப் பணியிடத்தின் மேல். பணியிடம் சுருங்கினால், சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமலே ஒதுக்கீடும் சுருங்கிவிடும். அப்படி அது கரைவதற்கு எதிராக யாரும் ஊர்வலம் போவதில்லை. ஏனென்றால் எந்த உத்தரவும் வெளியாவதில்லை.

மத்திய அரசுத் துறைகளில் 45 நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிகப் பணிகளிலும் இட ஒதுக்கீடு கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 2022-ல் மத்திய அரசு இதை மறுபடியும் எல்லாத் துறைகளுக்கும் வலியுறுத்தியது. பத்து மாதம் நீடிக்கும் தற்காலிக ஆசிரியர் பணிக்கு, மாவட்ட அளவில் எல்லா இடங்களையும் ஒன்றாகச் சேர்த்துச் சுழற்சி வைக்க முடியாதா? சமூக நீதியில் நாட்டுக்கே முன்னோடி என்று சொல்லிக்கொள்ளும் மாநிலத்திடம் இதைக் கேட்பது தவறில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பக்கத்து ஊர் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஒருவரிடம் பேசினோம். "நிரந்தரமா ஆள் வர்ற வரைக்கும் வகுப்பைச் சும்மா விட முடியுங்களா? தொகுப்பூதியத்துல அந்தத் தம்பி வந்ததாலதான் எங்க பத்தாம் வகுப்புப் பிள்ளைங்க கணக்குல தேறினாங்க. அந்தப் பிள்ளைங்கள்ல பாதிப் பேரு உங்க காலனிப் பிள்ளைங்கதான்" என்றார். அவர் சொல்வதை மறுக்க முடியாது. காலி வகுப்பறையால் முதலில் அடிபடுவது டியூஷனுக்குப் பணமில்லாத வீட்டுப் பிள்ளைதான். ஆனால் ‘அவசரத்துக்கு’ என்று வந்த ஏற்பாடு ஆண்டுக்கணக்கில் நீண்டால் அதற்குப் பெயர் அவசரம் இல்லை. அரசுப் பள்ளிகளில் காலியிடம் மொத்தப் பணியிடத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவே சொல்கிறது.

ஒரு வாத்தியார் வேலையின் விலை

நம் மக்களுக்கு வாத்தியார் வேலை வெறும் சம்பளம் மட்டும் இல்லை. 1894-ல் சென்னையில் கர்னல் ஆல்காட் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளிகள், 1916-ல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தா தொடங்கிய நந்தனார் கல்விக் கழகம், ஆங்கிலேயர் காலத்தில் தொழிலாளர் நலத் துறை சேரிகளில் திறந்த பள்ளிகள் என்று நம் படிப்பு தொடங்கிய இடங்கள் நமக்குத் தெரியும். பழைய ஆட்கள் "லேபர் பள்ளிக்கூடம்" என்று சொல்வது அந்தத் தொழிலாளர் நலத் துறைப் பள்ளிகளைத்தான். அந்த வரிசையில் வந்தவைதான் இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அங்கே படித்து, அங்கேயே வாத்தியாராக வந்தவர்களால் எழுந்த குடும்பங்கள் எத்தனையோ.

ஒரு வீட்டில் ஒருவர் ஆசிரியர் ஆனால் தம்பி தங்கை படிப்பார்கள். வீடு ஓட்டு வீடாகும். அதைவிட முக்கியம், ஊர்த்தெருப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் எழுந்து நின்று காலனிக்காரரை "வணக்கம் ஐயா" என்பார்கள். அந்த ஒரு வணக்கம் பல ஆண்டுப் பழக்கத்தை மாற்றும். தொகுப்பூதிய ஆசிரியரையும் பிள்ளைகள் வணங்குகிறார்கள்தான். ஆனால் ஏப்ரலில் போய்விடுவார் என்று ஊருக்குத் தெரியும். நிரந்தரம் இல்லாதவர் வகுப்பில் தனித் தம்ளரைக் கண்டாலும், தனி வரிசையைக் கண்டாலும் தட்டிக் கேட்க யோசிப்பார். தம்பி அதையும் சொன்னார்: "கேக்கணும்னு தோணும். அடுத்த ஜூன் ஞாபகம் வந்துடும்."

கையில் இருப்பதைக் காப்போம்

அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்போம். அதே நேரம் நம் கையில் இருப்பதையும் விட்டுவிடக் கூடாது. பி.எட். படிக்கும், படித்து முடித்த தம்பி தங்கைகளுக்குச் சில விவரங்கள்:

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பியுங்கள். இணையத்திலேயே செய்யலாம். ‘அதனால் என்ன பயன்’ என்று விட்டவர்கள், பயன் வந்தபோது வருந்தியிருக்கிறார்கள்.

டெட் சான்றிதழ் ஏழு ஆண்டுதான் செல்லும் என்ற பழைய விதி இப்போது இல்லை. 2021-ல் மத்திய அரசு அதை வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று மாற்றியது. 2011 முதல் தேறியவர்களுக்கும் அது பொருந்தும். பழைய சான்றிதழைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நேரடி நியமனத்துக்கான வயது வரம்பும் 2023-ல் உயர்த்தப்பட்டது. பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58. ‘வயசாகிவிட்டது’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு விண்ணப்பிக்காமல் இருக்க வேண்டாம். அறிவிக்கை வந்ததும் நீங்களே படித்துப் பாருங்கள்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்ததற்கான சான்று வேண்டும். படித்த ஒவ்வொரு பள்ளியிலும் வாங்க வேண்டும். தேர்வு முடிந்த பிறகு ஓடினால் கிடைக்காது, பள்ளியே மூடியிருக்கலாம். இப்போதே வாங்கி வையுங்கள். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் தமிழ்வழி மாணவர்கள் என்பதால் இது நமக்குப் பெரிய பிடிமானம்.

கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகளுக்கு சி-டெட் தேர்வு வேண்டும். அங்கே தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு 30, பட்டதாரி ஆசிரியருக்கு 35 என வயது வரம்பு குறைவு. பட்டியல் சாதியினருக்கு ஐந்து ஆண்டு தளர்வு. ஆகையால் படிப்பு முடித்த கையோடு அதை எழுதுங்கள்; பிறகு என்று தள்ளினால் அந்தக் கதவு மூடிவிடும்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் உள்ள தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி நடக்கிறது. தனியார் பயிற்சி மையத்துக்கு நகையை அடகு வைக்கும் முன் அங்கே ஒருமுறை போய் விசாரியுங்கள்.

தனியார் பள்ளியில் சேர்ந்தால் அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள், நகலைக் கொடுங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், வாங்கிக்கொண்டதாக எழுத்தில் கேளுங்கள். எங்கே வேலை செய்தாலும், தொகுப்பூதியம் ஆனாலும், பணி அனுபவச் சான்றை ஆண்டுதோறும் வாங்கி வையுங்கள். நாளைக்கு அனுபவத்துக்கு மதிப்பெண் கேட்டுப் போராடும்போது கையில் தாள் இருக்க வேண்டும்.

மேலாண்மைக் குழுவில் நமக்கும் நாற்காலி உண்டு

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவரவர் எண்ணிக்கைக்கு ஏற்ப இடம் தர வேண்டும். இது கல்வி உரிமைச் சட்டம் சொல்வது. தற்காலிக ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் குழுவும் அதுதான். அந்தக் கூட்டத்துக்கு நம் காலனியிலிருந்து எத்தனை பேர் போகிறோம்?

நாம் போன காலனியில் விசாரித்தோம். உறுப்பினர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். மூவரும் கூலி வேலைக்குப் போகும் பெண்கள். கையெழுத்துக்கு மட்டும் நோட்டு வீட்டுக்கு வருகிறது. கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது.

அன்று மாலை பாடம் முடிந்ததும் பெரிய டீச்சர் அந்த மூன்று பேரையும் சமுதாயக் கூடத்துக்கு அழைத்திருந்தார். அடுத்த கூட்டத்துக்கு ஒருநாள் கூலியை விட்டாவது போக வேண்டும் என்று பேசி முடித்தார்கள். எத்தனை பணியிடம் காலி, எவ்வளவு நாளாகக் காலி என்று கேட்பது. நிரந்தர ஆசிரியர் வேண்டும் என்று தீர்மானம் எழுத வைப்பது. தீர்மானத்தைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவது. இந்த மூன்றையும் டீச்சர் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, ஆளுக்கொரு நகல் கொடுத்தார்.

"எனக்கு வேலை வருதோ இல்லையோ, அந்த இடம் அந்தப் பள்ளியில இருக்கணும் சார். நாளைக்கு இந்தப் பிள்ளைங்கள்ல யாருக்காவது வேணும்" என்று சொல்லிவிட்டு, கரும்பலகையைத் துடைத்துச் சாய்த்து வைத்தார்.